ஐ5 என்றால் எல்லாம் ஐ5 ஆகுமா?

‘பழையதைத் தூக்கி எறி, புதியதை வாங்கு’ என்பது இன்று வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சாகிவிட்டது. அதற்கு எதிராக, ‘பழைய கணிப்பொறிக்குள் நல்ல புராசஸர் ஒன்றைப் போடுங்கள், பிறகு பாருங்கள் அதன் வேகத்தை!’ என்று சொல்வோரும் இருக்கிறார்கள். இரண்டாவது பேச்சைக் கேட்டு எங்கள் வீட்டில் பணம் இழந்தோம். ஆகவே இதைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டென்றே நினைக்கிறேன்.

குருவிகுளத்தில் என் தந்தை ஒரு சிறு ஜெராக்ஸ் கடை நடத்துகிறார். பட்டா சிட்டா நகல் எடுப்போர், பயிர்க் காப்பீட்டுப் படிவம் நிரப்புவோர், சாதிச் சான்றுக்கு விண்ணப்பிப்போர் என்று காலை முதல் மாலை வரை ஆள் வரவு இருக்கும். 2012-ஆம் ஆண்டு வாங்கிய ஒரே ஒரு மேசைக் கணிப்பொறிதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. பகலில் அது அப்பாவுக்கு. கடை அடைத்த பின் அது எனக்கு. அதில்தான் நான் பதினொன்றாம் வகுப்பில் சி++ பழகினேன். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் பழகினேன்.

சென்ற சில ஆண்டுகளாக அது நொண்டத் தொடங்கிவிட்டது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசல் தெளித்துக் கோலமும் போட்டு வந்தால், அப்போதுதான் திரை முழுதாக விழித்திருக்கும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அப்பா பொறுமைசாலி, ஆனால் பொறுமை வேறு, பிழைப்பு வேறு. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்ட செய்தியும் வந்து சேர்ந்தது. “இனிமேல் தள்ளிப்போட முடியாது” என்றார் அப்பா.

அப்போது வீட்டுக்கு வந்திருந்த மாமா, “எதுக்கு அத்தான் புதுசு? ஒரு ஐ5 வாங்கிப் போடுங்க. பழைய மார்க்கெட்டுல சல்லிசாக் கிடைக்கும்” என்றார். அப்பாவும் வெளியூர் போன இடத்தில் ஒரு கடையில் 1,800 ரூபாய் கொடுத்து ஐ5 ஒன்றை வாங்கி, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார். தீபாவளிக்கு நகை எடுத்து வந்தவர் முகம் போல அன்று அவர் முகம் இருந்தது.

மறுநாள் சர்வீஸ் செய்யும் அண்ணாச்சி வந்து பெட்டியைத் திறந்தார். பழைய புராசஸரை எடுத்தார். புதியதை அதன் குழிமேல் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகு கையில் எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இது நாலாவது தலைமுறை பிள்ளே. உங்க போர்டுல ரெண்டாவதோ மூணாவதோ தான் உக்காரும். ஓரத்துல வெட்டு இருக்கு பாரு, ரெண்டும் ஒண்ணா இருக்கா? அமுக்கி மாட்டுனா கீழ உள்ள ஊசி பூரா வளைஞ்சு போர்டே போயிரும்.”

நல்ல வேளை, அவர் அமுக்கவில்லை. வாங்கிய கடையில் கேட்டதற்கு, விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ‘ஐ5 இருக்கிறதா?’ என்று கேட்டோம், ஐ5 கொடுத்தார்கள். எந்த ஐ5 என்று நாங்களே கேட்கவில்லையே!

அன்று இரவு நான் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஐ5 என்பது ஒரு பொருளின் பெயரே அன்று. அது ஒரு வரிசைப் பெயர். ஐந்தாம் வகுப்பு என்று சொன்னால் எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்று தெரியுமா? அதுபோலத்தான். இன்டெல் நிறுவனம் 2009-இல் முதல் ஐ5-ஐ வெளியிட்டது. அதன்பின் ஆண்டுதோறும் ஐ5 வந்துகொண்டே இருந்தது. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் உண்மை இருக்கிறது. ஐ5-3470 என்றால் முதல் இலக்கம் 3. ஆகவே மூன்றாம் தலைமுறை. அப்பா வாங்கி வந்தது ஐ5-4570, நான்காம் தலைமுறை. ஐ5-10400 போன்ற ஐந்திலக்க எண்ணாக இருந்தால் முதல் இரண்டு இலக்கங்கள் தலைமுறையைச் சொல்லும்.

தலைமுறை மாறினால் குழியும் மாறலாம். அந்தக் குழிக்கு ‘சாக்கெட்’ என்று பெயர். 2009-இல் எல்.ஜி.ஏ. 1156 என்ற சாக்கெட், 2011-இல் 1155, 2013-இல் 1150, 2015-இல் 1151, 2020-இல் 1200, 2021-இல் 1700. அந்த எண், புராசஸரின் அடியில் உள்ள தொடுபுள்ளிகளின் எண்ணிக்கை. பன்னிரண்டு ஆண்டுகளில் ஆறு சாக்கெட்! எங்கள் மதர்போர்டு எச்61 என்ற சிப்செட் உடையது, சாக்கெட் 1155. அப்பா கொண்டுவந்ததோ 1150. ஐந்து புள்ளி வித்தியாசத்தில் 1,800 ரூபாய் போயிற்று.

எண் ஒன்றாக இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது! இதுதான் எனக்கு மிகவும் வருத்தமளித்த செய்தி. ஆறாம், ஏழாம் தலைமுறைப் புராசஸர்களுக்கு 1151 சாக்கெட். 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைக்கும் 1151 சாக்கெட்தான். புள்ளிகள் அத்தனையே, வடிவமும் அதுவே, வைத்தால் உட்காரும். ஆனால் 100, 200 வரிசைச் சிப்செட் உள்ள பழைய மதர்போர்டுகளில் எட்டாம் தலைமுறை இயங்காது. அதற்கு 300 வரிசைச் சிப்செட் வேண்டும். உள்ளே மின்சாரம் பாயும் புள்ளிகளை மாற்றி அமைத்துவிட்டார்கள். அப்படியானால் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கக் கூடாதா? இதற்கு என் மனம் சமாதானம் அடையவில்லை.

எல்லாரும் அப்படியே என்று சொல்வதும் நியாயமாகாது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 என்ற சாக்கெட் 2016-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நிலைத்து நின்றது. 2017-இல் ரைசன் புராசஸரோடு வாங்கிய மதர்போர்டு பலவற்றில், உள்ளிருக்கும் பயாஸ் நிரலைப் புதுப்பித்தபின், 5000 வரிசை ரைசனையும் போட முடிகிறது. உங்கள் வீட்டில் அத்தகைய கணிப்பொறி இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: அதில் ஊசிகள் புராசஸரின் அடியில் இருக்கும். விசிறியை வெடுக்கென்று இழுத்தால், காய்ந்த பேஸ்டில் ஒட்டிக்கொண்டு புராசஸரும் சேர்ந்து வந்து ஊசி வளையும். சற்று நேரம் கணிப்பொறியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்னிணைப்பைப் பிடுங்கியபின் மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது கடையை அன்று, வீட்டிலுள்ள மதர்போர்டை. அதைத் திறக்காமலே அறியலாம். விண்டோஸில் ‘சிஸ்டம் இன்பர்மேஷன்’ என்ற பகுதியில் மதர்போர்டின் பெயர் இருக்கும், சி.பி.யு.-இசட் என்னும் இலவச நிரல் இன்னும் தெளிவாகக் காட்டும். அந்தப் பெயரைக் கொண்டு, அதைச் செய்த நிறுவனத்தின் தளத்தில் ‘எந்தெந்தப் புராசஸர் பொருந்தும்’ என்ற பட்டியலைத் தேட வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாததை, யார் என்ன சொன்னாலும் வாங்கக் கூடாது. பெயர்பெற்ற நிறுவனங்கள் முழுப் பெட்டியாக விற்கும் கணிப்பொறிகளில் இன்னும் கவனம் வேண்டும். அதே சாக்கெட் இருந்தும் அவர்கள் பயாஸில் இடம் தராத புராசஸர் இயங்காமற் போகலாம்.

எங்கள் போர்டின் பட்டியலில் ஐ5-3470 இருந்தது. ஆனால் பக்கத்தில் ஒரு பயாஸ் பதிப்பு எண்ணும் இருந்தது. எங்களுடையது அதைவிடப் பழைய பதிப்பு. மூன்றாம் தலைமுறை பிறக்கும் முன்பே வந்த எச்61 போர்டுகள் பலவற்றுக்கு இந்தச் சங்கடம் உண்டு. பழைய புராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டபின், திரையே வராதபோது எதைப் புதுப்பிப்பது? மேலும், புதுப்பிக்கும் அந்தச் சில நிமிடத்தில் மின்சாரம் போனால் மதர்போர்டு செத்துப்போகலாம். காற்றடித்தால் கரண்டு போகும் நம் ஊரில், யு.பி.எஸ். இல்லாமல் இதைத் தொடுவது துணிச்சல் அன்று, அறியாமை.

மின்சாரம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இருந்தது பென்டியம் ஜி620. அதன் கணக்கு 65 வாட். ஐ5-3470-க்கு 77 வாட். அதற்கு முந்திய ஐ5-2400-க்கோ 95 வாட். இங்கே விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை: 5 எச்.பி. மோட்டார் ஓடிய வயரில் 7.5 எச்.பி. மோட்டாரை மாட்டினால் என்ன ஆகும்? பழைய சிறு விசிறியும், மலிவு விலை எஸ்.எம்.பி.எஸ்.-உம், கரிசல் புழுதி அடைத்த பெட்டியும், சித்திரை வெயிலும் ஒன்று சேர்ந்தால் புராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்துக்காகப் பணம் கொடுத்துவிட்டு, வேகம் குறைந்ததைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இத்தனையும் படித்துவிட்டு, ‘சரி, ஐ5-3470-தான் வாங்க வேண்டும்’ என்று அப்பாவிடம் சொல்லப் போனேன். அதற்கு முன் ஏதோ ஒரு யோசனையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, கடை நடக்கும் நேரத்தில் அரை மணி அதையே பார்த்தேன். நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டேன். கணிப்பொறி திணறும்போதெல்லாம் புராசஸரின் வேலை பெரும்பாலும் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் ஹார்டு டிஸ்க்கின் கோடு நூற்றிலேயே முட்டிக்கொண்டு நின்றது. நினைவகம் 4 ஜிபியும் நிரம்பி வழிந்தது.

குற்றவாளி வேறு ஒருவர். நாங்கள் தண்டித்தது வேறு ஒருவரை! இந்த அரை மணி நேரத்தை முதலிலேயே செலவிட்டிருந்தால் 1,800 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கினோம். 4 ஜிபி டி.டி.ஆர்.3 நினைவகம் இன்னொன்றும் வாங்கி, காலியாக இருந்த இரண்டாவது இடத்தில் மாட்டினோம். எச்61 போர்டில் பழைய வேகத்து சாட்டா இணைப்புதான் உண்டு, புது எஸ்.எஸ்.டி.யின் முழு வேகம் அதில் கிடைக்காது. அப்படி இருந்தும், கோலம் போடும் நேரம் வரை காத்திருந்த திரை, வாசலுக்குப் போகும் முன்பே வந்துவிட்டது. புராசஸரை மாற்றவே இல்லை.

இதனால் புராசஸரை மாற்றுவதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. சங்கரன்கோவிலில் இருக்கும் என் தோழி ஒருத்தி வீட்டில் வீடியோ வகுப்பு பார்க்கும்போதெல்லாம் படம் உறைந்து நின்றது. அவள் கணிப்பொறியில் புராசஸரே நூற்றில் நின்றது. டிஸ்க் சும்மா இருந்தது. அவளுக்கு இரண்டு கோர் புராசஸரை எடுத்துவிட்டு நான்கு கோர் போட்டதுதான் சரியான மருந்து. பட்டியலைப் பார்த்து வாங்கினார்கள், பலன் கிடைத்தது. நோய் அறிந்து மருந்து கொடுங்கள் என்பதே என் வாதம்.

இன்னும் ஒரு கேள்வி மீதமிருந்தது; அதுதான் பெரிய கேள்வி. விண்டோஸ் 11-க்கு, சிற்சில விதிவிலக்கு நீங்கலாக, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத புராசஸரும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்பது மைக்ரோசாப்ட் விதித்த விதி. எங்கள் 1155 சாக்கெட்டில் ஏறக்கூடியவற்றுள் உயர்ந்த தலைமுறை மூன்றாவது. அதில் ஐ7-3770-ஐயே கொண்டுவந்து போட்டாலும் அந்த வாசலைத் தாண்ட முடியாது. ஏழாம் தலைமுறை வைத்திருப்பவர்களும், முன்பு சொன்ன 1151 குழப்பத்தால், ஒரு படி ஏறி எட்டுக்குப் போக முடியாமல் நிற்கிறார்கள். விதியை ஏமாற்றி ஏற்றிவிடும் தந்திரங்கள் உண்டு என்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை.

ஏன் தெரியுமா? எங்கள் கடைக் கணிப்பொறியில் இருப்பது எங்கள் விவரம் மட்டுமல்ல. ஊராருடைய ஆதார் எண், வங்கிக் கணக்கு, நிலத்தின் சர்வே எண் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணிப்பொறியில் அவற்றை வைத்திருப்பது, பிறர் நம்பிக் கொடுத்த நகையைக் கதவில்லாத வீட்டில் வைப்பது போன்றது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை விண்டோஸ் 10-க்குத் திருத்தங்கள் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அது ஒரு தவணை, தீர்வன்று. ஆகவே கடைக்குப் புதிய கணிப்பொறி ஒன்று வாங்கியே தீரவேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். முதலில், “இப்பத்தான எஸ்.எஸ்.டி. போட்டோம்” என்றார். காரணத்தைச் சொன்னதும் பேசாமல் இருந்தார். இப்போது சீட்டுப் பணத்தை அதற்கென்று ஒதுக்கி வருகிறார்.

பழையதை என்ன செய்வது? எடைக்குப் போடலாமா? நான் மாட்டேன் என்றேன். எனக்கு வேண்டிய பைத்தானும் மைசீக்வலும் லினக்ஸில் நன்றாக ஓடும். நான் படித்த பதினொன்றாம் வகுப்புப் பாடநூலிலேயே உபுண்டு பற்றிய பாடம் இருக்கிறது. நாம்தான் தேர்வோடு அதை மூடிவைத்துவிட்டோம். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ லினக்ஸும் இருக்கிறது. கடைக்குப் போதாத அதே ஜி620, என் படிப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் தாராளமாகப் போதும். ஒரே இயந்திரம், ஒரு வேலைக்கு முடிந்துபோன கதை. இன்னொரு வேலைக்கு நல்ல துணை. ‘இது பழசா, புதுசா’ என்று கேட்பதைவிட ‘இதை வைத்து என்ன செய்யப் போகிறோம்’ என்று கேட்டால் பெற்றோருக்கு எவ்வளவோ பணம் மிஞ்சும்.

மடிக்கணினி வைத்திருக்கும் அக்காமார் ‘எங்களுக்கும் வழி சொல்’ என்று கேட்கக்கூடும். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்றவற்றை இன்றும் போற்றி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஆனால் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் புராசஸர் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். நினைவகத்தையும் டிஸ்க்கையும் மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

இவ்வளவும் நான் செய்துகொண்டிருந்தபோது மாமா மறுபடி வந்தார். பெட்டியைப் பிரித்துப் போட்டுத் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். “ஏட்டி, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஸ்குரூ டிரைவர் வேலை? அண்ணாச்சியக் கூப்பிட வேண்டியதுதான” என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஐ5 யோசனை யாருடையது என்று அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே காபி கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி மாமாவுடையது மட்டுமல்லவே. நம்மில் எத்தனை பேர் கணிப்பொறி அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட்டு, ஒரு முறைகூட அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்காமல் பள்ளியைவிட்டுப் போகிறோம்? புராசஸரின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கத் தெரிகிறது. வீட்டிலிருப்பது எந்தப் புராசஸர் என்று கேட்டால் அண்ணனைப் பார்க்கிறோம். ஆண்டுக்கு ஒரு நாள், பழுதான கணிப்பொறி ஒன்றை வகுப்பில் வைத்து, நம் கையாலேயே பிரித்துப் பூட்டும் வாய்ப்பை அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் தந்தால் மிகவும் நன்றாயிருக்கும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஐ5-4570 இன்னும் அப்பாவின் மேசை இழுப்பறையில், ரப்பர் ஸ்டாம்புகளுக்கு நடுவே, ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. தோழியர் யார் வீட்டிலாவது எல்.ஜி.ஏ. 1150 சாக்கெட் உள்ள மதர்போர்டு இருந்து, அதன் பட்டியலில் இந்த எண்ணும் இருந்தால், பாதி விலைக்குத் தர அப்பா சம்மதித்திருக்கிறார். பட்டியலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.